துப்பாக்கியோடு வாழும் தேசம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் நிகழும் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அங்கே பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ளவர்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடையிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால் தொலைக்காட்சிகள் இரண்டு நாள் அதையே பேசுகின்றன, பிறகு பேச்சே இல்லை. உண்மையில் ஓர் ஆண்டில் அங்கே எத்தனை பேர் துப்பாக்கியால் உயிரிழக்கிறார்கள்? – வாசகர், மதுரை

அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இறப்புச் சான்றிதழ்களைத் தொகுத்து வெளியிட்ட கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021இல், இந்த எண்ணிக்கை 48,830ஐத் தொட்டது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் இறந்ததில்லை. 2023இன் கணக்கில் நாள்தோறும் சராசரியாக 128 பேர், அதாவது ஏறக்குறைய பதினோரு நிமிடத்துக்கு ஒருவர். வியட்நாம் போரில் அத்தனை ஆண்டுகளிலும் சேர்த்து இறந்த அமெரிக்கப் படையினர் 58,000 பேருக்குச் சற்று அதிகம். 2023இன் வேகத்தில் அத்தனை உயிர்கள் பதினைந்தே மாதங்களில், போர் எதுவும் இல்லாமல், சொந்த ஊரில், சொந்த வீட்டில் போய்விடும்.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கூட்டுப் படுகொலைகள் இந்தத் தொகையில் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுட்டவனைத் தவிர்த்து நான்கு பேரோ அதற்கு மேலோ சுடப்பட்ட நிகழ்வுகளைத் தனியாகக் கணக்கிடும் ஓர் அமைப்பு அங்கே இருக்கிறது. 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600க்கும் மேற்பட்ட இத்தகைய நிகழ்வுகளை அது பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் அவற்றில் இறந்தவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2023இல் இறந்தவர்களில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்; 17,927 பேர் கொலையுண்டவர்கள்; எஞ்சியவர்கள் விபத்திலோ, காவல்துறையின் துப்பாக்கியாலோ, காரணம் உறுதி செய்யப்படாமலோ இறந்தவர்கள். பத்தில் ஆறு பேர் அளவுக்குத் தம் கையாலேயே மாண்டவர்கள் என்ற இந்த உண்மை, அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதால்தான் அந்நாட்டு விவாதம் எப்போதும் பள்ளி வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வயது முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்குச் சாலை விபத்துதான் நெடுங்காலம் முதற்காரணமாக இருந்தது. 2020இல் அந்த இடத்துக்குத் துப்பாக்கி வந்தது. இருக்கைப்பட்டை, காற்றுப்பை, குழந்தைகளுக்கான தனி இருக்கை என்று வாகனங்கள் ஆண்டுக்கு ஆண்டு பாதுகாப்பாகிக்கொண்டே வந்தன. துப்பாக்கிக்கு அப்படி எதுவும் செய்யப்படவில்லை.

இறந்தவர்களைச் சுற்றி இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023இல் கேஎஃப்எஃப் என்னும் சுகாதார ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், வயது வந்தவர்களில் 19 விழுக்காட்டினர் தம் குடும்பத்தில் ஒருவரைக் கொலையிலோ தற்கொலையிலோ துப்பாக்கிக்குப் பறிகொடுத்ததாகச் சொன்னார்கள். 17 விழுக்காட்டினர் ஒருவர் சுடப்படுவதை நேரில் கண்டிருந்தார்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்னும் அளவுக்குத் துக்கம் பரவியிருக்கிறது.

கேள்வி: தற்கொலைதான் அதிகம் என்றால் அது மனநலப் பிரச்சினைதானே? துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழியில் உயிரை மாய்த்துக்கொள்ள மாட்டார்களா? – வாசகர், ஈரோடு

இந்தப் பொருளில் எல்லோர் மனத்திலும் முதலில் எழும் ஐயம் இதுதான். இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. பெரும்பாலோர் மாய்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அலைபோல எழுந்து வடிந்துவிடுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், தற்கொலைக்கு முயன்று கடுமையான காயத்துடன் பிழைத்த இளவயதினரிடம் ஆய்வாளர்கள் பேசியபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிற முடிவு. அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். மற்ற வழிகளில் மனம் மாறவும், அக்கம்பக்கத்தார் ஓடி வரவும், மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும் அவகாசம் இருக்கிறது. துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெள்ளத் தெளிவாகக் காட்டுகிறது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைக் காட்டிலும் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் எட்டு மடங்கு. பெண்களிடம் அது முப்பத்தைந்து மடங்கு. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மற்ற வழிகளை அதிகம் நாடியிருக்கவும் இல்லை. மனச்சோர்வும் கடனும் தனிமையும் எல்லா மாநிலங்களிலும் உண்டு. இருந்தும், பெரும்பாலான வீடுகளில் துப்பாக்கி உள்ள வயோமிங், மான்டனா, அலாஸ்கா போன்ற மாநிலங்களில்தான் தற்கொலை விகிதம் மிக உயர்ந்து நிற்கிறது. அங்கே இறப்பவர்களில் பலர் நடுவயதையும் முதுமையையும் எட்டிய ஆண்கள். மனைவியை இழந்தவர், பண்ணையை விற்றவர், படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்று அவர்கள் பலதரப்பட்டவர்கள். தற்கொலையால் இறக்கும் முன்னாள் படையினரில் பத்துக்கு ஏழு பேர் துப்பாக்கியால் இறக்கிறார்கள். இவர்களுக்காக எந்த ஊரிலும் மெழுகுவர்த்தி ஊர்வலம் நடப்பதில்லை. பல வீடுகளில் இறந்த காரணத்தைக்கூட வெளியே சொல்வதில்லை.

இதை நாம் தொலைதூரத்துச் செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. இலங்கையில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்தது. சிங்களர், தமிழர் என்ற வேறுபாடின்றி வேளாண் குடும்பங்களில் பூச்சிக்கொல்லி மருந்துதான் எட்டும் தூரத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாட்டு அரசு 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய எழுபது விழுக்காடு குறைந்தது. உள்நாட்டுப் போரும் வறுமையும் சுனாமியும் தொடர்ந்த ஆண்டுகள் அவை. மக்களின் துயரம் குறைந்து இந்த மாற்றம் வரவில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்த கொடிய நஞ்சு அகன்றதால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் சிலர் இதைப் புரிந்துகொண்டு செயல்படுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009இல், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி கடைக்காரரை உலுக்கிவிட்டது. மாநிலத்தின் துப்பாக்கி விற்பனையாளர்களும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, வாங்க வருபவரிடம் மன உளைச்சலின் அறிகுறிகள் தெரிந்தால் விற்பனையை மறுப்பது எப்படி என்று கடை ஊழியர்களுக்குக் குறிப்பு எழுதினார்கள். நண்பர் ஒருவர் மனமுடைந்திருந்தால் அவருடைய துப்பாக்கியைச் சில வாரங்களுக்கு வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள் என்ற சுவரொட்டிகளைக் கடைகளிலேயே ஒட்டினார்கள். எதிரெதிர் அணியில் நிற்பதாக நாம் எண்ணும் இரு தரப்பார் சேர்ந்து செய்த வேலை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் எவருக்கேனும் அத்தகைய எண்ணம் இருக்குமானால், அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் ஒருவரோடு பேசலாம். தயங்காமல் பேசுங்கள்.

கேள்வி: இத்தனை பேர் இறந்தும் அந்த அரசு ஏன் சட்டம் போடவில்லை? நம் ஊரில் ஒரு துப்பாக்கி உரிமம் வாங்க ஆட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது! – வாசகர், தஞ்சாவூர்

நம் நாட்டில் துப்பாக்கி என்பது அரசு நிபந்தனையோடு தரும் அனுமதி. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமம் பெற்றவரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆகிறது. அமெரிக்காவில் அது அரசியல் சட்டம் குடிமக்களுக்கு உறுதி செய்த உரிமை. 1791இல் நிறைவேறிய இரண்டாம் திருத்தம், ஒழுங்கமைந்த குடிப்படையின் தேவையைச் சொல்லி, மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமைக்குத் தடை கூடாது என்கிறது. அந்த உரிமை குடிப்படைக்கா, தனிமனிதருக்கா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2008இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2022இல் வந்த தீர்ப்பு வீட்டுக்கு வெளியேயும் அதை நீட்டித்தது. எனினும், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை அதே நீதிமன்றம் 2024இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. ஆகவே எல்லாக் கதவுகளும் மூடிவிட்டன என்று சொல்ல முடியாது.

இருக்கும் சட்டங்களில் உள்ள ஓட்டைகள் பெரியவை. உரிமம் பெற்ற கடைக்காரர் விற்கும்போது வாங்குபவரின் பின்னணியைச் சோதித்தாக வேண்டும். உரிமம் இல்லாத தனியார் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால், கூட்டாட்சிச் சட்டம் சோதனை எதையும் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தாமாகக் கேட்கின்றன. கடையில் செய்யும் சோதனையும் மூன்று வேலை நாட்களுக்குள் முடியாவிட்டால், கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் பழம்பெரும் தேவாலயம் ஒன்றில் விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பது பேரைக் கொன்றவன், இந்த மூன்று நாள் விதியால்தான் துப்பாக்கியைப் பெற்றான். அவனுக்கு அது கிடைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் நடப்பதைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாட்டில் எந்தக் குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியானாலும், அதை முதலில் வாங்கியவர் யார் என்று தேடித் தரும் அரசு மையம் அங்குதான் இருக்கிறது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு எதையும் அரசு உருவாக்கக் கூடாது என்று 1986இல் வந்த சட்டம் தடுக்கிறது. அதனால் பெயரைத் தட்டினால் விவரம் வரும் கணினி வசதி அந்த மையத்துக்கு இல்லை. மூடப்பட்ட கடைகளிலிருந்து வரும் விற்பனைப் படிவங்கள் பெட்டி பெட்டியாக வந்து குவிகின்றன. சில தண்ணீரில் நனைந்து, சில கிழிந்து வருகின்றன. ஊழியர்கள் அவற்றைப் படமெடுத்து வைக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களில் எழுத்தைக் கொண்டு தேடும் வசதி இருக்கக் கூடாது. தயாரித்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, அது சொல்லும் மொத்த விற்பனையாளரை அழைத்து, அவர் சொல்லும் கடையை அழைத்து, கடை மூடியிருந்தால் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துத் தேடுகிறார்கள். ஒரு கொலை வழக்கில் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காவல்துறையில் பணியாற்றிய எவரும் சொல்வார்கள். அந்த நேரத்தை வீணாக்கும்படி சட்டமே இங்கு ஏற்பாடு செய்திருக்கிறது.

அரசியலைப் பொறுத்தவரை ஒரே ஒரு நாளைச் சொன்னால் போதும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இருபது பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, தனியார் விற்பனைகளில் பெரும்பாலானவற்றுக்கும் பின்னணிச் சோதனை கோரும் திருத்தம் செனட் சபைக்கு வந்தது. குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார்கள். மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்த அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக 54 வாக்குகளும் எதிராக 46 வாக்குகளும் விழுந்தன. தேவைப்பட்டவை 60 வாக்குகள் என்பதால் அது தோற்றது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டே இடம், நான்கு கோடி மக்கள் வாழும் மாநிலத்துக்கும் இரண்டே இடம் என்ற அமைப்பில், பெரும்பான்மையின் விருப்பம் சட்டமாவது எளிதன்று. 2022இல்தான், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 21 வயதுக்குட்பட்டவர்கள் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சோதனை கோரும் சட்டம் ஒன்று இரு கட்சியாரின் ஆதரவோடு நிறைவேறியது.

கேள்வி: சுடப்பட்டும் பிழைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே, ஏன்? – வாசகர், சென்னை

நியாயமான குறை. இறந்தவர்களைக் காட்டிலும் காயமடைந்து பிழைப்பவர்கள் அதிகம். அவர்களைத் துல்லியமாக எண்ணுவதற்கான ஏற்பாடே அங்கே நெடுங்காலம் இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வகையில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் 1996இல் விதித்த நிபந்தனைக்கு அஞ்சி, ஆராய்ச்சியே இருபது ஆண்டுகளுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. அதற்கென மீண்டும் நிதி ஒதுக்கியது 2019இன் இறுதியில்தான்.

1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டபோது, அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையிலும் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், சக்கர நாற்காலியிலிருந்தபடியே மனைவியுடன் சேர்ந்து போராடி, பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தம் பெயரிலேயே வரக் காரணமானார். 2014இல் அவர் இறந்தபோது, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காயத்தின் விளைவு என்று மருத்துவ ஆய்வாளர் அந்த மரணத்தைக் கொலை என்றே பதிவு செய்தார். 1999இல் கொலம்பைன் பள்ளியில் கொல்லப்பட்டவர்கள் பதின்மூன்று பேர் என்றுதான் உலகம் சொல்லி வந்தது. அன்று முதுகெலும்பில் காயமடைந்து கால்கள் செயலிழந்த மாணவி ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வலியோடு வாழ்ந்து 2025 பிப்ரவரியில் காலமானார். அதுவும் கொலையாகவே பதிவாயிற்று. இப்போது அந்த எண்ணிக்கை பதினான்கு.

பிழைத்தவர் உடலில் குண்டு இருந்துவிடுவதும் உண்டு. அகற்றினால் ஆபத்து அதிகம் என்று அறுவை மருத்துவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதிலுள்ள ஈயம் சிலருக்குப் பல ஆண்டுகள் இரத்தத்தில் கசிகிறது. பலமுறை அறுவை, கழிவை வெளியேற்ற வயிற்றில் பொருத்திய பை, தூக்கத்தில் அலறல், மருத்துவமனைக் கட்டணத்துக்காக இணையத்தில் நிதி திரட்டல் என்று அந்த வாழ்க்கை நகர்கிறது.

2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டே ஊரில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் வந்து குவிந்த பிறகும், வகுப்பறைக்குள் நுழைந்து சுட்டவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. அன்று மாலை பெற்றோர்களிடம் மரபணு மாதிரி கேட்டார்கள். படைவீரர் பயன்படுத்தும் ஆயுதத்தின் வகையைச் சேர்ந்த துப்பாக்கியின் குண்டு சிறு உடலில் என்ன செய்யும் என்பதை அந்த வேண்டுகோளிலிருந்தே அவர்கள் உணர்ந்திருப்பார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கண்டறிய அவள் அணிந்திருந்த பச்சை நிறக் காலணி உதவியது. அதன் முனையில் அவளே ஒரு சிறு இதயத்தை வரைந்து வைத்திருந்தாள்.

தமிழர்களுக்கும் இதில் இழப்பு உண்டு. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் பிறந்து, நீரியல் துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே, தம் மாணவர்கள் பலருடன் கொல்லப்பட்டார். அன்று மாணவர்களும் ஆசிரியர்களுமாக இறந்தவர்கள் 32 பேர். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியப் பணியில் சேர்ந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. சுட்ட மாணவனை, அவனால் அவனுக்கே ஆபத்து என்று நீதிமன்றம் ஏற்கெனவே அறிவித்திருந்தது; அந்தத் தகவல் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை.

கேள்வி: ஆஸ்திரேலியா போல் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிவிட முடியாதா? – வாசகர், யாழ்ப்பாணம்

1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், ஆஸ்திரேலியா இரண்டே வாரத்துக்குள் புதிய விதிகளுக்கு உடன்பட்டு, ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்காவில் பொதுமக்களிடம் இருப்பவை, 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள். உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் வாழும் நாட்டில், உலகப் பொதுமக்களின் துப்பாக்கிகளில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வழி அமெரிக்காவில் நடைமுறைக்கு வராது என்றே நினைக்கிறேன். விற்பனை, பூட்டிவைத்தல், ஆபத்தானவரிடமிருந்து தற்காலிகமாக அகற்றுதல் ஆகியவற்றில் கட்டுப்பாடு கொண்டுவருவதே இயலக்கூடியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோவொரு வகையில் இதைத் தொடங்கியிருக்கின்றன.

கேள்வி: சிகாகோ போன்ற நகரங்களில் கடுமையான சட்டம் இருந்தும் கொலைகள் குறையவில்லை என்றும், கறுப்பின மக்கள் தமக்குள் சுட்டுக்கொள்கிறார்கள் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. இது சரியா? – வாசகர், சேலம்

அந்தச் செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். சிகாகோ காவல்துறை கைப்பற்றிய துப்பாக்கிகளின் மூலத்தை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பத்தில் ஆறு வெளி மாநிலத்தில் வாங்கப்பட்டவை. ஐந்தில் ஒன்று பக்கத்திலுள்ள இந்தியானாவிலிருந்து வந்தது. மாநில எல்லை காரில் சிறிது நேரப் பயணத்தில் வந்துவிடுகிறது. கடுமையான சட்டமும் குறைந்த துப்பாக்கிகளும் உள்ள மாசசூசெட்ஸில் துப்பாக்கி மரண விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவான விகிதங்களில் ஒன்று. சட்டம் தளர்ந்த மிசிசிப்பியில் அதைப்போல் பல மடங்கு.

கறுப்பினத்தவரே பெரும் இழப்புக்கு ஆளாகிறார்கள் என்பது உண்மை. 15 முதல் 34 வயது வரையிலான கறுப்பின ஆண்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர். ஆனால் துப்பாக்கியால் கொலையுண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்கள். அந்தக் குடும்பங்களை எந்தெந்தத் தெருவில் வாழ விடுவது, யாருக்கு வங்கிக் கடன் மறுப்பது என்று பல தலைமுறைகளாக அரசும் வங்கிகளும் வகுத்த எல்லைகளுக்குள்தான் இன்றும் பெரும்பாலான கொலைகள் நடக்கின்றன. அந்தப் பகுதிகளிலும் சுடுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் குழந்தைகளைச் சன்னலோரம் படுக்கவிட அஞ்சும் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்தினர். கொலைகளில் பலவற்றுக்குக் குற்றவாளி பிடிபடுவதும் இல்லை. நீதி கிடைக்காத இடத்தில் பழிவாங்கல் தொடர்கிறது.

அதை முறிக்க முயல்பவர்களும் அதே தெருக்காரர்கள்தாம். சிறை சென்று திரும்பியவர்கள், அண்ணனையோ மகனையோ இழந்தவர்கள் எனப் பலர், சிகாகோவிலும் பால்டிமோரிலும் ஓக்லாந்திலும், சுடப்பட்ட இளைஞனின் மருத்துவமனைப் படுக்கையருகே போய் உட்கார்ந்து, பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களைத் தடுத்து நிறுத்துகிறார்கள். 2021க்குப் பிறகு கொலைகள் ஆண்டுதோறும் குறைந்திருக்கின்றன. 2023லும் 2024லும் சரிவு வேகமாக இருந்தது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; இவர்களுடைய உழைப்பும் அவற்றில் ஒன்று என்று நம்புகிறேன்.

கேள்வி: என் மகள் குடும்பத்துடன் டெக்சாஸில் இருக்கிறாள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தம் போடாமல் மூலையில் ஒளிந்திருக்கும் பயிற்சியை ஆறு வயதுப் பேரனுக்குப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஊருக்கே திரும்பி வந்துவிடு என்று சொல்லட்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, ஆறு வயதுக் குழந்தை அப்படி ஒளியப் பழக வேண்டியிருப்பதை நினைத்தால் எந்தப் பாட்டிக்கும் தூக்கம் வராது. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கொல்லப்படும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பள்ளிக்குள் கொல்லப்படுபவர்கள் மிக மிகச் சிறிய பங்கு. திரும்பி வருவது உங்கள் மகளும் மருமகனும் வேலை, படிப்பு, குடும்பம் அனைத்தையும் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. இந்த ஓர் அச்சத்துக்காக அவர்களை நெருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

நீங்கள் அவர்களிடம் பேச வேண்டியது வேறொன்று இருக்கிறது. குண்டு நிரப்பி, பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் வாழும் குழந்தைகள் அந்நாட்டில் 46 லட்சம் பேர் என்று 2021ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று சொல்கிறது. விளையாட்டில் குண்டு பாய்ந்து குழந்தைகள் இறப்பதும், விடலைப் பருவத்தினர் அவசரத்தில் உயிரை மாய்த்துக்கொள்வதும் பெரும்பாலும் இத்தகைய வீடுகளில்தான். பள்ளிகளில் தாக்குதல் நடத்திய மாணவர்களில் துப்பாக்கி ஏந்தியவர்களை ஆராய்ந்தபோது, நான்கில் மூன்று பேர் அதைத் தம் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்து வந்தது தெரிந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 2021இல் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற பதினைந்து வயது மாணவனின் பெற்றோர், அதைப் பாதுகாக்கத் தவறியதற்காகவும் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாததற்காகவும் 2024இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். பிள்ளை பள்ளியில் நடத்திய கூட்டுக் கொலைக்காகப் பெற்றோரையே உயிரிழப்புக்குக் காரணமான குற்றவாளிகள் என்று தண்டித்தது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

ஆகவே பேரன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும் முன், அந்த வீட்டில் துப்பாக்கி உண்டா, உண்டென்றால் குண்டு நீக்கி, பூட்டி, குண்டுகளைத் தனியே வைத்திருக்கிறார்களா என்று உங்கள் மகள் கேட்க வேண்டும். அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் சங்கமே பெற்றோர்களுக்குக் கூறும் அறிவுரை இது. நம் பெண்கள் பலர், தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று கூசி, கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 'வீட்டில் நாய் இருக்கிறதா? நீச்சல்குளம் இருக்கிறதா? துப்பாக்கி பூட்டில் இருக்கிறதா?' என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் யாரும் மனம் கோணுவதில்லை. பூட்டவில்லை என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால், 'பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே விளையாடட்டும், உங்கள் மகனை அனுப்பி வையுங்கள்' என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். நண்பன் வீட்டில் துப்பாக்கியைக் கண்டால் தொடாமல், உடனே அந்த இடத்தை விட்டு வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பேரனுக்கும் அவ்வப்போது நினைவூட்டுங்கள். ஆனால் குழந்தை அதைத் தவறாமல் கடைப்பிடிப்பான் என்று மட்டும் இருந்துவிட வேண்டாம். பூட்டு பெரியவர்களின் பொறுப்பு.